நாற்பது மூட்டை

“நாப்பது மூட்டை. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று லாரிக்காரர் சீட்டை நீட்டினார்.

நான் சொன்னது முப்பது.

கடைக்குப் போன் செய்தவள் என் மனைவி ஆர்டிஸ், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். சமையலறைக் கதவுக்கு வெளியே ஒன்பதடிக்கு ஆறடி, நான்கு அங்குல கனத்தில் ஒரு கான்கிரீட் தளம். அதற்கு முப்பது மூட்டை என்று காலைக் காபியின்போதே அவளிடம் சொல்லியிருந்தேன்.

என் தம்பி மெர்ல் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தான். சிரித்த சிரிப்பில் சர்க்கரைப் பொடி பறந்தது.

“ஏன் ஆர்டிஸ், இதையும் ஸ்கூல் கிச்சன்னு நெனச்சிட்டியா? முந்நூறு பிள்ளைங்களுக்குக் கூடக்கொஞ்சம் கிண்டற மாதிரி?”

“மிஞ்சினா உன் வாயை அடைக்க ஆகும், மெர்ல்” என்றாள் அவள், தண்ணீர்க் குழாயின் சுருளைப் பிரித்தபடி.

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

மூட்டைக் கணக்கில் எங்கள் தெருவே என்னைத்தான் கேட்கும். வேலிக்கு எட்டுக் குழி, எத்தனை மூட்டை ஹார்லன் என்று போன் வந்தால், கையிலிருக்கும் ஸ்பூனைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிடுவேன். குழிக்குள் நிற்கும் கட்டை அடைக்கிற இடத்தையும் கழித்துத்தான் சொல்வேன். நான்கு அங்குலம் என்று விற்கிற கட்டை உண்மையில் மூன்றரை அங்குலம் என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

மணலும் ஜல்லியும் சிமென்ட்டும் கலந்தே வருகிற மூட்டை அது. தண்ணீர் ஊற்றிக் கிளறினால் போதும். மிஞ்சினால் ஈரக் காற்றுப் பட்டுக் கல்லாகிவிடும். இந்தத் தெருவில் ஒவ்வொரு வண்டிக் கொட்டகையின் மூலையிலும் அப்படி ஒரு கல் கிடக்கிறது.

எங்கள் கொட்டகையில் கிடையாது.

ஆனால் அன்று எனக்குக் கணக்கைவிடப் பெரிய கவலை இருந்தது.

ஜனவரியில் என் நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஊறுகாய்ப் புட்டியின் மூடியைக்கூட என் கையிலிருந்து வாங்கித்தான் திறந்தார்கள். டாக்டர் எதை வேண்டுமானாலும் தூக்கலாம் என்று சொல்லிவிட்டார் என்று வீட்டில் பலமுறை சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை.

தளத்தைத் தானே போட்டுத் தருவதாக மருமகன் டெரிக் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் மறுத்தேன். முதல் மூட்டையிலேயே எனக்கு மூச்சு வாங்கினால் அவன்தான் வருவான். பிறகு ஏணி, மரம் அறுக்கும் ரம்பம், பனி தள்ளும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக அவன் கைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மெர்ல் பக்கத்தில் இன்னொரு மடக்கு நாற்காலியில் நானும் உட்கார்ந்திருப்பேன்.

லாரி போனது. அடுக்கைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். மேலே மூடியிருந்த அட்டையை எடுத்தேன். மெர்ல் மெல்லுவதை நிறுத்தினான். ஆர்டிஸ் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழங்காலை மடக்கி, முதல் மூட்டையை நெஞ்சோடு அணைத்து எழுந்தேன்.

எழுந்துவிட்டேன்!

நெஞ்சுத் தையல் இழுக்கவில்லை. கால் நடுங்கவில்லை. எட்டு எட்டு வைத்துத் தள்ளுவண்டிக்குப் போனேன். இருபது வயதுக்காரனைப் போல அதில் இறக்கினேன்.

“அடப்பாவி, எருமைடா நீ!” என்று மெர்ல் கை தட்டினான்.

கத்தியை எடுத்து மூட்டையின் வயிற்றைக் கீறக் குனிந்தேன். அச்சடித்திருந்த எண் அப்போதுதான் கண்ணில் பட்டது.

அறுபது பவுண்டு.

நான் முப்பது என்று கணக்குப் போட்டது எப்போதும் வாங்குகிற எண்பது பவுண்டு மூட்டைக்கு. முப்பது எண்பது, இரண்டாயிரத்து நானூறு. நாற்பது அறுபதும் அதே இரண்டாயிரத்து நானூறு.

ஒரு கைப்பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“என்ன நின்னுட்ட? மூச்சு வாங்குதா? டெரிக்கைக் கூப்பிடட்டுமா?” மெர்ல் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துவிட்டான்.

எனக்கு மூச்சு வாங்கவில்லை. என் வண்டியின் முன்பெட்டியில், காப்பீட்டுக் காகிதங்களுக்கு நடுவே, யாருக்கும் தெரியாமல் மடித்து வைத்திருந்த டாக்டரின் சீட்டை நினைத்துக்கொண்டு நின்றேன். அதில் இருந்தது ஒரே ஒரு வரி.

அறுபது பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது.

ஆர்டிஸ் நிமிரவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல் குழாயின் முனையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“போனை உள்ள வை, மெர்ல்” என்றேன். “நாப்பதுதான் சரி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

கல்யாணமான முப்பத்து மூன்று வருஷத்தில் என் வாயிலிருந்து யாரும் கேட்காத வாக்கியம் அது.

குழாய்த் தண்ணீர் ஆர்டிஸின் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

“ஊத்தட்டுமா?” என்றாள்.

“ஊத்து” என்றேன்.