அட்டைப்படத்து ஒட்டகம்

குலசேகரன் சொந்தச் செலவில் நாவல் போடுகிறார். அட்டை வரைய அமர்த்திய ரெக்ஸ்லின் அனுப்பிய படத்தில், நாயகியின் அருகே, அவள் பிடித்த கயிற்றில் ஓர் ஒட்டகம் நின்றது.

"தம்பி, கதை மலையூர்ல நடக்குது. ஒட்டகமே கிடையாது."

"தெரியும் சார். ஆனா ஒரு ஃபீல் வருதுல்ல?"

அடுத்த படத்தில் ஒட்டகம் இன்னும் பெரிதாகியிருந்தது. அதன் பிறகு ரெக்ஸ்லின் போனையே எடுக்கவில்லை. புத்தகக் கண்காட்சி நெருங்கிவிட்டதால், வேறு வழியின்றி குலசேகரன் நாவலுக்குள் ஒட்டகத்தை நுழைத்தார். மழையில் நனைந்து வந்த அதற்கு நாயகி போர்வை போர்த்தினாள். கடைசியில் காதலனை விட்டுவிட்டு அதனோடு மலையிறங்கிப் போனாள். எழுதிய அவருக்கே கண் கலங்கியது. அச்சுக்கு அனுப்பினார்.

மறுநாள் ரெக்ஸ்லின் அழைத்தான். "சார், நீங்க சொன்னீங்களேன்னு ஒட்டகத்தைத் தூக்கிட்டேன். அட்டையும் அச்சாயிடுச்சு."

படத்தைத் திறந்தார். மழையில் நாயகி தனியாக நின்றாள். அவள் கையிலிருந்த கயிறு மட்டும் விறைப்பாக, அட்டையின் விளிம்புக்கு வெளியே போயிருந்தது.