ஒரு தலையணை போதும்

"ஒரு தலையணை போதும். இன்னொண்ண மூட்டைல போடு" என்றாள் டீச்சர்.

எதை எடுப்பது என்று தெரியாமல், வேன் ஓட்டிவந்த டிரைவர் கட்டிலருகே திருதிருவென்று விழித்தாள்.

"சொவரோரமா இருக்கறத எடு" என்றாள் டீச்சர், திரும்பிப் பார்க்காமலேயே.

அந்த நகரத்து லெஸ்பியன் பெண்களின் சங்கத்தில் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. விளையாட்டு தினத்துக்கு, ரத்த தானத்துக்கு, நாடகத்துக்கு என்று தனித்தனிக் குழுக்கள். ஆனால் இந்தக் குழுவைப் பற்றி எந்த நோட்டீசிலும் போடுவதில்லை.

சங்கத்துப் பெண் ஒருத்தி இறந்துபோனால், அவள் வீட்டு மனிதர்கள் வந்து சேருவதற்குள் இவர்கள் போய்விடுவார்கள். இரண்டு பேர் வாழ்ந்த வீட்டை ஒருத்தி வாழ்ந்த வீடாக மாற்றுவார்கள்.

அப்போதுதான் கூட வாழ்ந்தவள், தோழி என்று சொல்லிக்கொண்டாவது கடைசிவரை பக்கத்தில் நிற்கலாம். உள்ளது தெரிந்தால் வாசலோடு சரி, இறந்தவளின் முகத்தைக்கூடக் காட்ட மாட்டார்கள். ஒருமுறை அப்படித்தான் நடந்தது. பாவம், அவள் தெருமுனையில் நின்றே சவ வண்டி போவதைப் பார்த்தாள். அன்றைக்கு வயிறெரிந்து டீச்சர் தொடங்கியதுதான் இது.

டீச்சர் கணக்கு டீச்சர். அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. பல் துலக்கும் பிரஷ், செருப்பு அளவு, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று எதையும் விட மாட்டாள். அப்படியும் ஒரு வீட்டில் கிளியை மறந்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில் அது இரண்டு பேருடைய செல்லப் பெயரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டு மானத்தை வாங்கியது.

குழுவில் ஒரு விதி உண்டு. கூட வாழ்ந்தவளை அந்த நேரத்தில் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வேறெங்காவது கூட்டிப்போய் உட்காரவைக்க வேண்டும். கண்ணெதிரே ஒவ்வொன்றாக எடுத்தால் எவளுக்கும் தாங்காது.

இன்றைக்கு இறந்தவளை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த விழாவிலும் மைக்கைப் பிடித்தால் விட மாட்டாள், பிடுங்குவதற்கென்றே ஒரு ஆளை நிறுத்த வேண்டும். விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வெளியூர் அண்ணன் முதலில் வீட்டுக்கு வந்து, உடுத்த ஒரு நல்ல துணி எடுத்துக்கொண்டு அங்கே போவதாகச் சொல்லியிருந்தார்.

மைக் சாக்கு ஓட்டத்தில் ஜெயித்த அன்று இருவருமாக எடுத்துக்கொண்ட புகைப்படத்தை, குழுவின் மூன்றாவது ஆளான சுண்டு சுவரிலிருந்து எக்கி எடுத்தாள். அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"காலண்டர அங்க மாட்டு. டம்ளர் ரெண்டு இருக்கட்டும், யாராவது வந்து போவாங்கல்ல" என்றாள் டீச்சர்.

சீப்பில் முடி சிக்கியிருந்தது. மைக்குக்குக் கழுத்துவரைதான் சுருட்டை முடி. டீச்சர் நீள முடிகளை மட்டும் ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு, சீப்பைப் பழைய இடத்தில் வைத்தாள்.

"நீங்க கொஞ்ச நேரம் உக்காருங்களேன்" என்றாள் டிரைவர்.

"வேலையப் பாரு."

மூட்டைகள் வேனுக்குப் போய்விட்டன. மதியத்துக்கு முன்பே அண்ணன் வந்துவிட்டார். மூவரும் சங்கத்துத் தோழிகள் என்று அறிமுகம் செய்துகொண்டார்கள்.

அவர் அறை அறையாகப் போய்ப் பார்த்தார். ஒரு கட்டில், ஒரு ஜோடி செருப்பு, ஒரு துண்டு. ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. அத்தனை சுத்தமாக டீச்சர் அதுவரை எந்த வீட்டையும் செய்ததில்லை.

"ஆஸ்பத்திரில சேத்தது யாரும்மா?"

"பக்கத்து வீட்டுக்காரங்க" என்றாள் டீச்சர். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று குழுவில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கல்நெஞ்சுக்காரர் இல்லை, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"இப்படித் தனியாவே இருந்துட்டுப் போயிட்டாளே. கூட ஒருத்தர் இருந்திருந்தா எந்தங்கச்சி பொழச்சிருப்பா."

டீச்சர் அலமாரியிலிருந்து நீலப் புடவை ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"நாங்களும் ஆஸ்பத்திரிக்கு வரோம்" என்று சுண்டுதான் மெல்ல ஆரம்பித்தாள்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "நீங்க செஞ்சதே பெரிய உதவிம்மா. ஆனா அங்கேர்ந்து நேரா ஊருக்குக் கொண்டு போறோம். வண்டில வீட்டு ஆளுங்களுக்கே எடம் பத்தாது. சாவிய மட்டும் குடுத்துட்டுக் கெளம்புங்க."

உயிருக்குயிரான தோழி என்று சொன்னால் ஒருவேளை மனம் இளகியிருப்பார். ஆனால் அப்படி ஒருத்தி இருந்ததற்கு வீட்டில் ஒரு தடயம்கூட விட்டுவைக்கவில்லையே. டீச்சர் சாவியைக் கொடுத்தாள்.

கீழே வேனில் ஏறினார்கள். சுண்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணனின் வண்டி கிளம்பித் தெரு திரும்பும்வரை டிரைவர் வேனை எடுக்கவே இல்லை.

"எங்க போகணும் டீச்சர்?"

டீச்சர் பின்னால் திரும்பிப் பார்த்தாள். மூட்டைகளில் இருந்த துணிமணி, செருப்பு, தலையணை எல்லாம் அவளுடைய சொந்தப் பொருள்கள்.

"தெரியலடி" என்றாள்.