அறுபது கிலோ

"ஏனம்மணி, ஊரே எடையை ஏத்திக்கிட்டுப் போகுது. நீ மட்டும் எறக்கிக்கிட்டே வந்தா என்ன அர்த்தம்?"

சபரீஷ் கேட்டதில் கோபம் பாதி, ஆற்றாமை பாதி. சண்முகப்பிரியா ராடின் இரண்டு பக்கமும் பத்துக் கிலோ பிளேட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தாள். ராடு இருபது. ஆக மொத்தம் நாற்பது.

"நாப்பது போதுமுங்க மாஸ்டர்."

சிங்காநல்லூரில் சபரீஷ் நடத்தும் அந்த ஜிம்மில் கல்லூரிப் பையன்களே நூறைத் தாண்டித் தூக்குகிறார்கள். பிரியாவோ ஒரு காலத்தில் நூற்றிருபதைத் தூக்கப் போனவள். போனவள்தான், தூக்கவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் ஈரோட்டில் நடந்த போட்டியில் அவள் முதுகு வில்லாக வளைவதைப் பார்த்தும், "விடாதே, தூக்கு, தூக்கு!" என்று கீழே நின்று கத்தியவன் இந்தச் சபரீஷ்தான். முதுகில் டிஸ்க் பிதுங்கி, மேடையிலேயே சுருண்டு விழுந்தாள். மூன்று மாதம் படுக்கை. தான் போட்ட அந்தக் கத்தல் இன்னும் அவன் காதை விட்டுப் போகவில்லை.

அப்புறம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. வால்பாறையில் எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. மலையேறிப் போனவள் போன ஆடியில் திரும்பக் கோவைக்கே குடிவந்து, அவளாகவே ஜிம் வாசலில் வந்து நின்றாள்.

"டெட்லிஃப்ட்டை மொதல்ல இருந்து சரியாச் சொல்லிக் குடுங்க மாஸ்டர். முதுகு வளையாம அறுபது கிலோ தூக்கோணும். அது போதும்."

சபரீஷுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. செய்த பாவத்தைக் கழுவ இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? ஏன் வந்தாள், எதற்கு வந்தாள் என்றெல்லாம் கேட்கவில்லை. தரையில் கிடக்கும் ராடை இடுப்புவரை தூக்கி நிமிர்வதுதான் டெட்லிஃப்ட். வெறும் ராடில் ஆரம்பித்தான். மூச்சை வயிற்றில் நிறைத்துக்கொள்ள வேண்டும். இடுப்பைப் பின்னால் தள்ள வேண்டும். ராடு காலை உரசிக்கொண்டே மேலே வர வேண்டும். முதுகால் இழுக்காமல் காலால் தரையை மிதித்து எழ வேண்டும். அத்தனையும் அனா ஆவன்னாவிலிருந்து.

பிரியா ஒரு நாள் தவறவில்லை. வந்தால் முக்கால் மணி நேரம், முடித்ததும் ஓட்டம். பையன்கள் தூக்கியதைத் தடாலென்று கீழே போட்டால் இவள் மட்டும் கொதிக்கிற பால் குண்டானை இறக்குவது போலச் சத்தமில்லாமல் இறக்கி வைப்பாள். முப்பதைத் தொட்டாலே இடுப்பைப் பிடித்துக்கொண்டவள் புரட்டாசி முடிவதற்குள் நாற்பதைத் தூக்கினாள். சரி, இனி ஏறுமுகம்தான் என்று இவன் நினைத்தால், ஐப்பசியில், "அறுபது வேண்டாங்க, அம்பது போதும்" என்றாள். மார்கழியில் நாற்பத்தைந்து. இப்போது தை. நாற்பதில் வந்து நிற்கிறாள்.

"பயமா அம்மணி?"

"எனக்கில்லீங்க."

"அப்ப ஊட்டுக்காரருக்கா?"

பிளேட்டை மாட்டிய கை நின்றது. "ஆமாங்க. மறுபடி எனக்கு இடுப்புப் போயிருமோன்னு அவருக்குப் பயம். நான் தூக்கறப்பெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்குவாரு."

"அட, ஊட்லயும் பழகறயா? சொல்லவே இல்ல! அவரை ஒருநாள் இங்க கூட்டிக்கிட்டு வா. நீ தூக்கற அழகைப் பாத்தா பயமெல்லாம் போயிரும்."

"அவரால வர முடியாதுங்க மாஸ்டர்."

வர முடியாதாம்! பொண்டாட்டி தூக்குவதைப் பார்க்கக்கூட அந்த மகராசனுக்கு மனசில்லை போலிருக்கிறது. சபரீஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்க இன்று சாயங்காலம்தான் கடைசி. பிரியாவைக் கேட்காமலேயே அவள் பெயரை எழுதி வைத்திருந்தான். அவளை மறுபடி மேடை ஏற்றாவிட்டால் தனக்கு விமோசனம் இல்லை என்று நம்பினான்.

விறுவிறுவென்று பத்துக் கிலோ பிளேட்டுகளைக் கழற்றினான். இருபதை எடுத்து இரண்டு பக்கமும் மாட்டினான்.

"இது அறுபது. நீ வந்தன்னைக்குக் கேட்ட அறுபது. எனக்காக ஒருக்காத் தூக்கு அம்மணி. இல்லீன்னா உன் இடுப்பை ஒடிச்சவனாவே நான் செத்துப் போவேன்."

பிரியா அவன் முகத்தைப் பார்த்தாள். ராடுக்கு முன்னால் வந்து நின்றாள்.

குனிந்தாள். மூச்சை நிறைத்தாள். முதுகு கோடு போட்டது போல் நேராக இருந்தது. ராடு எங்கேயும் தயங்காமல், எங்கேயும் கோணாமல் மேலே வந்தது. நிமிர்ந்து நின்றாள். அதே நிதானத்தில், துளிச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள்.

"தூக்கிட்டே அம்மணி! அறுபது! என்னமா தூக்கிட்டே!" சபரீஷ் சின்னப்பிள்ளையாகக் குதித்தான். அவன் கண்ணில் தண்ணீர்.

பிரியா ராடை விடவில்லை. அதைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். சபரீஷ் பதறிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டான்.

"ஐயோ, இடுப்பா? வலிக்குதா? சொல்லு அம்மணி!"

"வலியே இல்லீங்க மாஸ்டர். எங்க ஊட்டுக்காரரு அறுபது கிலோ இருந்தப்ப அவரைக் கட்டில்ல இருந்து தூக்க முடியாம ரெண்டு தடவை கீழ போட்டுட்டேனுங்க. இப்ப எனக்குத் தெம்பு வந்திருச்சு... கேன்சரு தின்னது போக, அவரு நாப்பது கிலோதானுங்க இருக்காரு."