தொண்ணூறு நொடித் தண்ணீர்

கடலுக்கும் ஓடுதளத்துக்கும் நடுவே, நாற்பதடி உயரத்தில், போர்விமானம் அப்படியே நின்றது.

கீழே லூர்து அண்ணாந்து பார்த்தபடி நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு. இருபத்துமூன்று.

அவருக்குப் பழகிய காட்சிதான். இருபது வருடமாக இவற்றின் மெக்கானிக். ஓடாமலேயே நேராக எழும்பி நேராக இறங்கும் விமானங்கள். ஒவ்வொன்றாக ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இன்னும் பறப்பது பதினோராம் நம்பர் மட்டும், அதுவும் வருகிற மார்ச் வரை. அதில் ஏதாவது பழுதானால் ஓய்வுபெற்றவற்றிலிருந்து கழற்றி மாட்டுவார்கள்.

போன மாதம், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் அதன் த்ராட்டில் பிடி நடுவானில் இறுகிக்கொண்டது. விமானி விசாகன் எப்படியோ இறக்கினார். அதன்பின் அவர் பறக்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

இன்று காலை அவராகவே வந்தார். புதிதாகப் போட்ட த்ராட்டில் எதிலிருந்து எடுத்தது என்று மட்டும் கேட்டார். ஏழாம் நம்பரிலிருந்து என்றார் லூர்து.

விசாகன் தலையாட்டிவிட்டு ஏறினார்.

நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது.

வெப்பத்தில் காற்று நெளிந்தது. விமானத்துக்குப் பின்னால் கடலும் தென்னைகளும் கரைந்து கரைந்து சேர்ந்தன. பூமி எடையை மறந்துவிட்டது போலிருந்தது.

அப்படி நிற்க, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். தொண்ணூறு நொடிக்குத்தான் வரும். தீர்ந்தால் விமானம் விழும்.

எழுபது.

இறங்கவில்லை.

காதில் மாட்டியிருந்த ரேடியோ கரகரத்தது.

“லூர்து… கை அசைய மாட்டேங்குது.”

த்ராட்டிலா, கையா என்று அவர் கேட்கவில்லை. பயத்தில் இறுகியது கைதான் என்று குரலிலேயே தெரிந்தது.

யாரும் தாண்டக் கூடாத மஞ்சள் எல்லைக்கோட்டைத் தாண்டி நடந்தார். பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். விமானியின் கண்ணில் படுகிற இடத்தில் போய் நின்றார். சூடான காற்று சட்டையைப் பிய்த்தது.

“ஏழாம் நம்பரை முந்நூறு தடவை எறக்கின கை சார் அது. மெதுவா எறக்குங்க. நான் இங்கதான் நிக்கிறேன்.”

எண்பத்தொன்று.

அதற்குமேல் அவர் எண்ணவில்லை.

புழுதி எழுந்து எல்லாவற்றையும் மூடியது. சக்கரங்கள் தரையைத் தொட்டதை உள்ளங்காலில்தான் உணர்ந்தார்.

எஞ்சின் அடங்கியதும் ஏணி வைத்து ஏறினார். விசாகனின் இடது கை த்ராட்டிலை விடவில்லை. லூர்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். கையுறை முழுக்க நனைந்திருந்தது.

விசாகன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.