கடைசி வரியில் நின்ற கோப்பு

இறந்தவர்களின் கடைசி நினைப்பைக் கோப்பிலிருந்து எடுத்து, குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. அவர்கள் வருமுன் நாங்களே ஒருமுறை வாசித்துவிடுவோம். விதிப்படி தப்புதான். டீ நேரத்தில் பேச ஏதாவது வேண்டுமே.

அன்று செண்பகம் அம்மா வந்தார். அவர் கணவரின் கோப்பை வாசிக்கும்படி பைத்தான் கணினி மொழியில் வழக்கமான கட்டளையைக் கொடுத்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. காலையில் கடைசிவரை வாசித்த கோப்பை நான் மூடவே இல்லை. தொடக்கத்துக்குத் திருப்பாமல் மறுபடி வாசித்தால் வெறுமைதான் வரும்.

திருப்ப ஒரு வரி போதும். ஆனால் ‘இரண்டாம் வாசிப்பு’ என்று என் பெயரோடு திரையில் விழும். வேலை போய்விடும்.

"ஒண்ணுமே இல்லையாம்மா?"

"இல்லைங்கம்மா."

"நாப்பது வருஷம் வாயத் தொறக்காத மனுஷன், சாகும்போதா பேசப் போறாரு?" சிரிக்கப் பார்த்தார். "நீ ஏம்மா தலையக் குனிஞ்சுக்கிற? உன் மேல என்ன தப்பு?"

மெல்ல எழுந்து போனார்.

காலையில் டீ குடிக்கும்போது அவர் கணவரின் அந்த ஒரே வரியை நான் எல்லோருக்கும் நடித்துக் காட்டியிருந்தேன். விழுந்து விழுந்து சிரித்தோம்.

"செண்பகம் மாத்திரை போட்டாளான்னு யாராச்சும் கேளுங்கப்பா."