முகம் கொடுக்காத நாய்

காப்பகத்திலிருந்து நாயைக் கூட்டிவந்த அன்றே தையல்காரர் அதன் வாலை மிதித்துத் தொலைத்தார். அதுமுதல் அது அவருக்கு முகமே கொடுப்பதில்லை.

“என்மேல கோபமா இருக்குமோ?” என்று மனைவியைக் கேட்டார்.

“கல்யாணமான நாள்லேருந்து நானும்தான் கோபமா இருக்கேன். என்னைக் கேட்டீங்களா?”

மனசே இல்லாமல் நாயைத் திருப்பிக் கொடுக்கக் காப்பகத்துக்குப் போனார்.

“மெஷின்கிட்டதான் வந்து படுக்குதும்மா. ஆனா எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. அதுக்கு என்னைப் பிடிக்கலையா? ஒளிக்காமச் சொல்லு.”

காப்பகத்துப் பெண் நாயைத் தடவிக்கொடுத்தாள்.

“அண்ணா, பின்னாலேருந்து யாராவது அடிச்சிடுவாங்கன்னு இதுக்குப் பயம். இங்க இருந்தவரைக்கும் சுவர்ல முதுகை ஒட்டிக்கிட்டுதான் தூங்கும். இப்போ சுவருக்குப் பதிலா நீங்க இருக்கீங்க.”