கண் கேட்கும் டப்பா

விடிந்ததிலிருந்து மாத்திரை டப்பா கத்திக்கொண்டிருந்தது: "கண்ணைக் காட்டுங்கள்." மூட்டுகளை வீங்கவைக்கும் லூபஸ் நோய்க்கான மாத்திரை நாளடைவில் கண்ணையே கெடுக்கலாம் என்பதால், பார்வையைச் சோதிக்காமல் அது மாத்திரையைத் தராது. ஜெபசீலி கணவனை உலுக்கினாள்.

"நேத்து மாதிரி நீங்களே பாருங்க."

"உன் கண்ணுல ஏதோ கோளாறு இருக்கப்போய்தானே உனக்குத் திறக்க மாட்டேங்குது? டாக்டர்ட்ட போவோம்."

"போனா மாத்திரைய நிறுத்திருவாங்க. திரும்ப விரலெல்லாம் வீங்கி, தலை சீவக்கூட உங்ககிட்ட வந்து நிக்கணுமா?"

அற்புதராஜ் குனிந்து டப்பாவுக்குள் பார்த்தான்.

"பார்வை நன்று" என்றது டப்பா. கறுப்பு மேஜையில் வெள்ளை மாத்திரை விழுந்தது, ஜெபசீலிக்கு நேர் முன்னால்.

அவள் அதையேதான் உற்றுப் பார்த்தாள். கை மட்டும் மேஜையைத் தடவிக்கொண்டே இருந்தது.

"எங்கங்க விழுந்துச்சு?"